கிளிமூக்கு வளையுமா

என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. அரிசி கொதிக்கும்போதே மாடிக்கு ஓடுவேன், மாடியில் நிற்கும்போது அடுப்பில் பால் பொங்கும். எங்க வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இப்போது சொல்வதையே விட்டுவிட்டார். அப்படிப்பட்ட என்னிடம் போய், பொறுமையைத் தவிர வேறொன்றையும் கேட்காத ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு என் தம்பி குவைத்துக்கு விமானம் ஏறினான்.

கோழி வளர்க்கிற வேலை. சும்மா கறிக்கோழி இல்லை, கிளிமூக்கு விசிறிவால். அந்த இனத்துச் சேவலுக்கு அலகு கிளிக்கு இருக்கிற மாதிரி கீழ்நோக்கி வளைந்திருக்கும், வால் பின்னால் நீண்டு விரிந்து கிடக்கும். சண்டைக்கு விடுவதில்லை, அழகுக்கு வளர்ப்பது. நிறத்தை வைத்துப் பெயர் சொல்வார்கள். முழுக் கறுப்பென்றால் காகம், பழுப்பும் சாம்பலும் கலந்து கிடந்தால் கீரி. தம்பி விட்டுப்போனது ஒரு காகச் சேவலும் ஒரு கீரிப் பெட்டையும்.

அந்தக் காகத்தை உண்டாக்க அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். விளாத்திகுளம் பக்கம் ஒருத்தர் தோட்டத்தில் அதன் தாத்தாவைப் பார்த்துவிட்டு வந்தவன் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. திரும்பத் திரும்ப பஸ் ஏறிப் போய், கெஞ்சி, கடைசியில் ஒரே ஒரு குஞ்சைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தான். அதற்குத் தோதாகப் பெட்டை தேடி, முட்டை எடுத்து, அடை வைத்து, பொரித்ததில் மூக்கு சரியில்லாததைக் கறிக்குத் தள்ளி, நல்லதை மட்டும் நிறுத்தி, மறுபடியும் அதில் முட்டை எடுத்து, வருசக்கணக்கில் இதே பிழைப்பு. பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணைப் பார்க்காமல் பின்பக்கம் போய்க் கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்று ஒரு சம்பந்தமே முறிந்தது. எனக்கு அன்றைக்கு வந்த கோபத்துக்கு அவனையும் சேவலையும் சேர்த்தே கறிக்குத் தள்ளியிருப்பேன்.

அவன் எனக்குத் தம்பி என்று பேருக்குத்தான். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, எனக்குக் கல்யாணம் ஆன கையோடு பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு அவனும் என்கூட இந்த வீட்டுக்கு வந்துவிட்டான். வீட்டுக்காரர் துறைமுகத்தில் கப்பல் சரக்குக்குக் கணக்கு எடுக்கிற டாலி கிளார்க். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. மைத்துனனைப் பிள்ளை மாதிரித்தான் வளர்த்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அவன் குவைத்துக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆனது. அங்கே ஒரு கம்பெனியில் ஏசி மெக்கானிக் வேலை. ஒப்பந்தம் வைகாசியில் முடிகிறது, அதோடு வந்துவிடுகிறேன், இங்கனயே ஒரு ஏசி கடை போட்டுக்கொண்டு கோழி வளர்க்கப் போகிறேன் என்று வாரா வாரம் போனில் சொல்வான். நான் நாள்காட்டியில் வைகாசியை இப்போதே புரட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மூடி வைப்பேன்.

மார்கழி பிறந்த சமயத்தில் அந்த மழை பெய்தது. விடாமல் கொட்டி, மேற்கே குளங்கள் உடைந்து, விடியக்காலையில் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் கோழிக்கூடு வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டை கூட்டின் மேல் கம்பியில் ஒண்டிக்கொண்டிருந்தது. சேவலுக்கு அந்த வாலை வைத்துக்கொண்டு ஏறத் தெரியவில்லை. கூட்டுப் பலகை மேல் கழுத்து மட்டும் வெளியே தெரிய நின்றது. பின்னாலேயே வீட்டுக்காரரும் வந்தார், ஆளுக்கு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினோம்.

மாடியில் தகரம் போட்ட ஒரு சின்ன இடம்தான். எங்கள் சாமான், மாடியில் ஒழுகுகிற ஒற்றை அறையில் குடியிருக்கிறவள் சாமான், பக்கத்து ரெண்டு வீட்டு ஆட்கள், அவர்கள் ஆடு எல்லாம் அதற்குள்தான். மாடி வீட்டுக்காரி புருசன் விசைப்படகுக்குப் போகிறவர். அவளும் ஒரு சேவல் வைத்திருந்தாள். அது கிறிஸ்மஸுக்கு அறுக்கவென்று வளர்த்த நாட்டுச்சேவல், நல்ல கொழுகொழுவென்று, அதுவும் கறுப்பு. நான் என் ரெண்டையும் ஒரு பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்தேன், அவள் தன்னுடையதை இன்னொரு கூடையில் கவிழ்த்தாள்.

காகத்துக்கு அன்றைக்கே சளி பிடித்துவிட்டது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. சின்ன வெங்காயமும் மஞ்சளும் தட்டி ஊட்டினேன், பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மருந்துக்கடை எல்லாம் தண்ணிக்குள் கிடக்கிறது, எங்கே போக. மறுநாள் மத்தியானம் என் மடியிலேயே தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. புதைக்க மண் வேண்டுமே, ஊரெல்லாம் தண்ணீர். வீட்டுக்காரர் லுங்கியில் சுற்றி மாடி மூலையில் வைத்திருந்து, தண்ணீர் வடிந்த பிறகுதான் புதைத்தோம்.

அது செத்த மறுநாள் வெயில் அடித்தது. நான் கீழே படிக்கட்டில் நின்று தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் மாடியில் நல்ல மனசோடு ஒரு காரியம் செய்துவிட்டார். கோழியெல்லாம் நனைந்து நடுங்குதே, காயட்டும் என்று எல்லாப் பஞ்சாரத்தையும் தூக்கிவிட்டார். நான் ஏறிவரும்போது என் கீரிப் பெட்டை உடம்பைச் சிலிர்த்து உதறிக்கொண்டு நிற்கிறது, கிறிஸ்மஸ் சேவல் அதன் பக்கத்தில் இறக்கையைத் தட்டுகிறது. கோழி வளர்க்கிறவர்களுக்கு அந்தச் சிலிர்ப்பு என்னவென்று தெரியும். சேவல் ஏறி மிதித்துவிட்டு இறங்கின பிறகு பெட்டை அப்படித்தான் உதறும்.

நான் கத்தின கத்தலுக்கு ஆடு மிரண்டுவிட்டது. அவர் அசரவில்லை.

"ஏளா, மனுசனே நாலு குடும்பம் ஒரு தகரத்துக்குள்ள கெடக்கோம். கோழிக்கு மட்டும் தனி ரூமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காகமே போய்விட்டது, இனி எவன் மிதித்தால் என்ன என்று நினைத்தேன்.

போன் வேலை செய்ய ஆரம்பித்ததும் தம்பியிடம் உடனே சொல்லிவிட்டேன். எனக்கு எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது. அவன் முதலில் வீட்டைத்தான் கேட்டான்.

"வீடு என்னாச்சி?"

"தண்ணி வடிஞ்சிட்டு. சேறு அள்ளுதோம்."

"நீயும் அத்தானும் நல்லா இருக்கீங்கள்லா?"

"இருக்கோம்லே."

பிறகு சொன்னான். "இனி வந்து நான் என்ன செய்யக்கா. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுருதேன். இங்க கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. நான் இருக்கேனே என்று வாய் வரைக்கும் வந்தது. ஒரு சேவலுக்காக வர இருந்தவன், அக்காவுக்காக வர மாட்டானாம். செத்துப்போன சேவல் மேல் எனக்குப் பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா, வந்தது. போனை வைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்து, யாரும் சொல்லாமலே தெருச் சேறு முழுவதையும் வழித்துத் தள்ளினேன். கை கொப்பளித்துவிட்டது.

வெறிபிடித்த மாதிரி இருந்த என்னை அங்கே இங்கே அலைய விடுவோம் என்றோ என்னவோ, எங்கள் ஊரை ஒட்டின புதுக்கோட்டையில் வெல்டிங் கடை வைத்திருக்கிற அண்ணாச்சியைப் போய்ப் பார் என்றார் வீட்டுக்காரர். தம்பிக்குக் கோழிச் சிநேகிதர். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். சேவல் செத்ததைச் சொன்னதும் அவர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதலில் கேட்டது, "பெட்டை முட்டை போடுதாம்மா?"

போட்டுக்கொண்டுதான் இருந்தது. மழையோ வெள்ளமோ அது அதன்பாட்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டது. வந்த கோபத்தில் ரெண்டை ஆம்லெட் போட்டிருந்தேன்.

"அடப்பாவி, பொரிச்சுத் திங்காத. சேவல் செத்தாலும் பெட்டைக்கு வயித்துல விந்து ரெண்டு வாரம் கிடக்கும். இனிமே போடுத முட்டையும் அதோட முட்டைதான். எடுத்து அடை வை."

செத்தவன் பிள்ளை இனிமேல்தான் பிறக்கப் போகிறது. உடனே மாடியில் பார்த்த அந்தச் சிலிர்ப்பு ஞாபகம் வந்தது. அதையும் சொன்னேன். அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். கடைசியாக மிதித்தவனுக்குத்தான் அனேகமாகப் பிடிக்கும், ஆனால் உறுதி சொல்ல முடியாது, கலந்தும் வரும் என்றார்.

"குஞ்சு நிறத்தை வச்சுக் கண்டுபிடிச்சிரலாம்லா?"

"ரெண்டுமே கறுப்பும்மா. எப்படிக் கண்டுபிடிப்ப? மூக்கு வளையணும். அதுக்கு மூணு மாசம் ஆவும்."

மூன்று மாசம். ஒரு சிக்னலில் நிற்கவே பொறுக்காதவள் நான்.

அன்றைக்கு ராத்திரியே தம்பியிடம் சொல்லிவிட்டேன், மாடியில் நடந்தது உட்பட. அவன் குரல் மாறிவிட்டது. ஒரே ஒரு சேவல் குஞ்சாவது காகத்துக்குப் பிறந்தது என்று தெரிந்தால் வந்துவிடுகிறேன் என்றான். சித்திரைக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். என் தம்பி வீட்டுக்கு வருவதும் வராததும் ஒரு கோழிக்குஞ்சு மூக்கில் தொங்குகிறது. சாமிக்கு இதைவிட வேறு வேலை இல்லையா என்று அன்றைக்கு விளக்கேற்றும்போது வாய்விட்டே கேட்டேன்.

முட்டை சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து, மொட்டைமாடியிலேயே கூடையில் மணல் பரப்பி, ஆறு முட்டையை அடுக்கி, இடிச் சத்தம் தாக்காமல் இருக்க ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் ஓரத்தில் வைத்து, பெட்டையை ஏற்றி உட்கார வைத்தேன். அது என்ன பொறுமை. கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, இரைக்கும் தண்ணிக்கும் மட்டும் இறங்கி, மறுபடி ஏறிப் போய் உட்காரும். நான்தான் அடங்கவில்லை. அது இறங்கும்போதெல்லாம் போன் லைட்டை அடித்து முட்டைக்குள் நரம்பு ஓடுகிறதா என்று பார்ப்பேன். ஒரு தடவை கையைக் கொத்தி ரத்தம் வந்தது.

"ஏளா, அதை எறக்கிவிட்டுட்டு நீயே ஏறி உக்காந்துரேன்" என்றார் வீட்டுக்காரர்.

முட்டை சேர்த்துக்கொண்டிருந்தபோதே கிறிஸ்மஸ் வந்து, மாடி வீட்டுக்காரி சேவலை அறுத்துக் குழம்பு வைத்து, எங்களுக்கும் ஒரு தூக்கு கொடுத்தனுப்பியிருந்தாள். வீட்டுக்காரர் சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை. ரெண்டு தகப்பனும் போய்ச் சேர்ந்தாச்சு, இனி கேட்டுக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

தைப் பொங்கல் கழிந்து நாலு குஞ்சு பொரித்தது. ரெண்டு கூமுட்டை. நாலும் கறுப்பு, தொண்டையில் மட்டும் வெள்ளை. வீடியோவில் காட்டினேன். அவன் ஃபேக்டரிச் சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டு, "கிட்ட காட்டுக்கா, இன்னும் கிட்ட" என்று கத்தினான். பிறந்த குஞ்சுக்கு எல்லாம் ஒரே மூக்குதான். ஆனாலும் நாங்கள் ரெண்டு பேரும் அரை மணி நேரம் அதையே பார்த்தோம்.

பிறகு ஆரம்பித்தது என் பாடு. கருவாட்டுத் தூள் கலந்து தீவனம் வைப்பேன், வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து விடுவேன், பருந்துக்குப் பயந்து மேலே மீன்வலையைக் கட்டினேன். எல்லாம் செய்து முடித்த பிறகும் மாடியை விட்டு இறங்க மனசு வராது. குஞ்சைப் பிடித்து பக்கவாட்டில் திருப்பி, அலகைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்ப்பேன். காலையில் வளைந்த மாதிரி இருக்கும், சாயங்காலம் நேராக இருக்கும். கடைக்குப் போனால் பாதியில் திரும்பி வந்துவிடுவேன். ராத்திரி படுத்தால், நடு உறக்கத்தில்கூடக் கட்டைவிரல் அசைகிறது என்று வீட்டுக்காரர் சொன்னார். குஞ்சுகளில் ரெண்டு சேவல், ரெண்டு பெட்டை என்று தெரிந்ததும் பெட்டைகளைத் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

பங்குனியில் ஒரு நாள் காலை. வெயில் நல்லா அடிக்கிறது, ரெண்டு சேவல் குஞ்சும் தண்ணித் தொட்டி விளிம்பில் பக்கவாட்டில் நிற்கின்றன. நான் தடவிப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியதே இல்லை. ரெண்டு மூக்கும் கொக்கு மூக்காட்டம் நேராக நீண்டு கிடந்தன. புதுக்கோட்டைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சி ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இது அந்தக் கறிச்சேவல் புள்ளதாம்மா."

திரும்பி வருகிற வழியில் லாரிகள் இடிக்கிற மாதிரி பக்கத்தில் போனதுகூட எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்காரர், தம்பியிடம் உள்ளதைச் சொல்லிவிடு என்றார். சொன்னால் அவன் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவான். அதே அண்ணாச்சியிடம் வேறொரு காகக் குஞ்சு வாங்கி வந்து காட்டிவிடேன் என்று மாடி வீட்டுக்காரி யோசனை சொன்னாள். அவளை ஒரு முறை முறைத்தேன். தம்பியிடம் பொய் சொல்ல என்னால் ஆகாது. உண்மையைச் சொல்லவும் நாக்கு வரவில்லை.

அந்த வாரம் போனில் வந்தான்.

"மூக்கு என்னக்கா ஆச்சி?"

நான் சேவலின் வாலைக் காட்டினேன். வால் நல்லாத்தான் நீண்டிருந்தது, அம்மா வழி. "வாலு பாத்தியா, எப்படி வந்திருக்கு."

"வாலு சரி. மூஞ்சியக் காட்டு."

"ஓடுதுலே. நிக்க மாட்டேங்கு."

அடுத்த வாரமும் வாலைக் காட்டினேன். அதற்கடுத்த வாரம் அவன் விடவில்லை. வளைஞ்சிருக்கா, இல்லையா, ஒரு வார்த்தை சொல்லு என்றான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

"சொல்ல மாட்டேம்லே. வளைஞ்சிருந்தாலும் சொல்ல மாட்டேன், வளையாட்டாலும் சொல்ல மாட்டேன். கோழி மூக்கைப் பாத்துத்தான் நீ வீட்டுக்கு வருவேன்னா வராமலே இரு. இல்ல, நீயே நேர்ல வந்து பாத்துக்க."

சொல்லிவிட்டுப் போனை அணைத்தேன். அணைத்த கையோடு பயம் பிடித்துக்கொண்டது. இது என்ன வேலை செய்துவிட்டேன், அவன் ரோசக்காரன், கையெழுத்துப் போட்டுவிடுவானே என்று. திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று போனை எடுப்பேன், வைப்பேன். சித்திரை முழுக்க அதே கதிதான். அவன் கூப்பிடுவான், சாப்பிட்டியா, அத்தான் எப்படி இருக்கார் என்பான். மூக்கைப் பற்றிப் பேச்சை எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டே இருந்தேன். என் ஆயுசில் ஒரு விசயத்தை அவ்வளவு நாள் வயிற்றுக்குள் வைத்திருந்தது அதுதான். திருச்செந்தூருக்குப் போய் முருகனிடம் நின்றேன். அங்கேயும் வேண்டுதல் வாயில் வரவில்லை, சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

வைகாசியில் ஒரு காலை, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பெரிய பெட்டியோடு இறங்கினான். மெலிந்து, கறுத்து, தலையில் முன்பக்கம் முடி கொட்டியிருந்தது. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. ஷூவைக்கூடக் கழற்றாமல் நேரே மாடிக்கு ஏறிவிட்டான்.

நானும் பின்னாலேயே ஏறினேன். கடைசிப் படியிலேயே நின்றுகொண்டேன். ஒரு சேவலைப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கினான். கட்டைவிரலால் அலகை ஒரு தடவு தடவினான். கீழே விட்டான். அடுத்ததைப் பிடித்தான், தடவினான், விட்டான். கீரிப் பெட்டையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இறங்கி வரும்போது என்னைத் தாண்டிப் போகையில், "என்ன கொழம்புக்கா?" என்றான்.

சாளைமீன் குழம்பு. தட்டில் சோற்றைப் போட்டேன். அவன் பிசைந்து ஒரு வாய் வைக்கிறான். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"மூக்கு வளையல. பாத்துட்டேல்லா. ரெண்டும் கறிச்சேவல் புள்ள. இப்பம் என்ன, திரும்பப் போயிருவியா? போறதுன்னா சாப்பிட்டுட்டுப் போ."

"எனக்குத் தெரியும்" என்றான்.

"எப்பம் தெரியும்?"

"பங்குனியிலயே. வளைஞ்சிருந்தா மொத நாளே காட்டிருப்பியேக்கா. நல்ல சேதிய அரை மணி நேரம் உள்ள வச்சிருப்பியா நீ?"

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போடாம வந்த?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே மீன் முள்ளை எடுத்தான். "ரெண்டு மாசமா மூக்கப் பத்தி நீ வாயே தொறக்கல. உனக்கு அது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாதா. அவ்வளவு தூரம் நான் வரணும்னு நெனைக்கியேன்னுதான் வந்தேன்."

அடுப்படியில் வீட்டுக்காரர் எதையோ தேடுகிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே குழம்பை ஊற்றினேன். போதும்க்கா, போதும் என்றான். தட்டு வழிந்து தரையில் ஓடியது, நான் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன்.